மைதா இல்லாத மஃபின்

விருத்தாசலத்துச் சூளைகளில் பீங்கான் பொம்மை ஆயிரம் டிகிரிக்கு மேல் வேகிறது, சத்தமில்லாமல். வீட்டு ஓவனில் 180 டிகிரிக்கே அமர்க்களம்: உள்ளே இருப்பது குளூட்டன் இல்லாத, சர்க்கரை குறைந்த சாக்லேட் மஃபின்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதமே குளூட்டன். சீலியாக் நோயாளிகளின் சிறுகுடலை அது பாழாக்கும். அவர்களுக்குக் குளூட்டன் இல்லாத உணவு நாகரிகம் அல்ல, மருந்து. மற்றவர்கள்? காலையில் இட்லி, இரவில் இடியாப்பம் என்று பிறந்ததிலிருந்தே குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டவர்கள்தான். அதைப் பொட்டலத்தில் அச்சடித்து விலையை ஏற்றலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அந்த இட்லிக்கு ஊற்றிய சாம்பாரின் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு உண்டு என்பது தனிக்கதை.

மைதாவுக்குப் பதில் முந்திரி மாவு; அதற்கும் அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ 3 என்ற முந்திரி ரகத்தையே தந்திருக்கிறது. பருப்பை மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரு சுற்று கூடினால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். பிடித்து நிறுத்த குளூட்டன் இல்லாததால் அந்த வேலை முட்டையின் தலையில் விழுகிறது.

சர்க்கரைதான் பெரிய நாடகம். வெள்ளைச் சீனியை ஒழித்த கையோடு நூறு கிராம் கருப்பட்டி உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம். கருப்பட்டிக்குத் தள்ளுபடி கிடையாது. “சீனியே போடல அத்தை, இன்னொண்ணு எடுத்துக்குங்க!”