பேட்டா இல்லாத டிரைவர்

பதினெட்டு வயது ஆனவுடன் லைசென்ஸ் எடுக்கத் துடிப்பது பையன்கள்தான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் வீட்டில் என்னைவிட அதிகமாகத் துடித்தவர்கள் நாலு பேர்: அப்பா, அப்பாயி, அத்தை, அத்தையின் மூட்டுவலி.

காரணம், வாசலில் நின்ற பழைய மாருதி 800. அப்பா அதை வாங்கினாரே ஒழிய, அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. “இந்த வயசுல எனக்கெதுக்கு? அதான் பையன் இருக்கான்ல” என்பார். கார் வெள்ளிதோறும் குளித்தது, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டது, எங்கும் போகவில்லை. எங்கேயாவது போகவேண்டுமென்றால் ஆடுதுறைக் கடைத்தெருவிலிருந்து வாடகை அம்பாசடர் வரும். கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருந்தால் இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு. வழியில் அவருக்குச் சாப்பாடும் நம் கணக்கு. சொந்தக் காரை வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு பேட்டா கொடுப்பது அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எனக்கு அது எப்போது நிறைகிறது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. ஏனென்றால் எனக்குப் பிறந்தநாள் இரண்டு. நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் கிராமத்தில் பிறப்புச் சான்றிதழெல்லாம் யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. எனக்குக் கை கொஞ்சம் நீளம், நாலரை வயதிலேயே தொட்டுவிட்டேன். தலைமையாசிரியர் ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அப்படி மே மாதத்தில் பிறந்தவர்கள்தான். ஜாதகத்தில் மட்டும் நான் தை மாதத்துக்காரன்.

“அவனுக்கு இன்னும் பதினெட்டு முடியல. தை வரட்டும்” என்றாள் அம்மா.

“ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஜாதகமா கேக்குறாங்க? டென்த் மார்க் ஷீட்டுதான் கேக்குறாங்க” என்றார் அப்பா.

“அவனுக்கு அஷ்டமச் சனி வேற நடக்குது. எட்டுல சனி இருக்கிறப்ப போயி எட்டு போடணுமா?”

“எட்டு போடுறது பைக்குக்குடி. இவன் எடுக்கப்போறது கார் லைசென்சு.”

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. லைசென்ஸ் எடுக்கலாம், ஆனால் முதல் சவாரி திருநள்ளாறு. சட்டசபையாக இருந்தால் தீர்மானம் அத்தோடு நிறைவேறியிருக்கும். அப்பாயி திருத்தம் கொண்டுவந்தாள்: “சனி பகவானுக்கு மட்டும் செஞ்சா மத்த எட்டுப் பேரும் கோவிச்சுக்க மாட்டாங்களா?” சூரியனார்கோவிலும் கஞ்சனூரும் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். திங்களூரோ திருவையாற்றுக்குப் பக்கம். கீழப்பெரும்பள்ளம் பூம்புகாருக்கு இந்தப் பக்கம். நான் ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பே ஒன்பது கிரகங்களுக்கும் தேதி கொடுத்தாகிவிட்டது. அத்தை எல்லாவற்றுக்கும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டில் உட்கார்ந்தால் மூட்டு மடங்காதாம்.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். ஆறு மாதம் இருக்கிறதே, நிதானமாகப் பழகலாமே என்றேன். யார் காதிலும் விழவில்லை. அப்பா காலண்டரை எடுத்து, சட்டம் அனுமதிக்கும் முதல் நாளுக்கு வட்டம் போட்டார். அன்றைக்கு அஷ்டமி. அம்மா அதை அடித்தாள், மறுநாள் நவமியையும் அடித்தாள், அதற்கடுத்த நாளை வட்டமிட்டாள். என் வேகத்துக்குப் போட்ட ஒரே பிரேக் அதுதான்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இடது சீட்டில் இருக்கும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஒருவன் ஓட்ட, மற்றவர்கள் பின்னால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு முறைக்குக் காத்திருப்போம். நாங்கள் பிடித்தது ஸ்டீயரிங். வண்டியை நடத்தியது மாஸ்டரின் கால். “அரை கிளட்ச்ல புடி, அரை கிளட்ச்ல புடி” என்று அவர் வாய் சொல்வதற்குள் கால் பிடித்துவிடும். வண்டி ஆஃப் ஆனால் மட்டும் அது நம் கணக்கு.

பயிற்சிக்குப் போகும் பாதையில் ஒரு ஒழுங்கு இருப்பதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். “ரைட்ல எடு” என்பார். மாஸ்டர் மகன் படிக்கும் பள்ளிக்கூடம் வரும், டிபன் பாக்ஸ் கைமாறும். “ஓரமா கட்டு” என்பார். பார்க்கிங் கற்றுத்தருகிறார் என்று நான் அங்குலம் அங்குலமாக ஒட்டி நிறுத்துவேன். அவர் இறங்கிப்போய் முருங்கைக்காய் வாங்கிவருவார். “இங்க ரிவர்ஸ் எடுத்துப் பழகு” என்றால் கரண்ட் பில் கட்டும் இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். பயிற்சி முடிவதற்குள் அவர் வீட்டு அன்றாடத்தில் எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

அவர் எனக்கு உருப்படியாகச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கிளாஸைக் கையில் பிடித்தபடி சொன்னார்: “வண்டி ஓட்டத் தெரியறது பெரிசில்ல தம்பி. நமக்கு ஓட்டத் தெரியும்னு சொந்தக்காரனுக்குத் தெரியாம இருக்கணும் பாரு, அதான் பெரிசு.” வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து, வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். வீட்டில் தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. டெஸ்ட் எடுப்பவர் பதவிப்படி மோட்டார் வாகன ஆய்வாளர்; ஊருக்கு அவர் எப்போதும் பிரேக் இன்ஸ்பெக்டர். முதலில் கை சைகை காட்டச் சொன்னார். வலப்பக்கம் திரும்ப வலது கையை வெளியே நேராக நீட்டவேண்டும். நிறுத்த, முன்கையை மேலே தூக்கவேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து ஏற்றி இறக்கவேண்டும். இடப்பக்கம் திரும்ப, அதே வலது கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றவேண்டும். நம் சாலையில் ஜன்னல் வழியாகக் கை வெளியே வந்தால் வெற்றிலை துப்பப் போகிறார் என்றோ தெரிந்தவரைக் கூப்பிடுகிறார் என்றோதான் பின்னால் வருபவர் எடுத்துக்கொள்வார் என்பது வேறு விஷயம். நான் பக்தியோடு சுற்றிக்கொண்டே இருந்தேன். “போதும் தம்பி, மாவு அரைஞ்சிடுச்சு” என்றார். பிறகு முன்னால் எடுக்கச் சொன்னார், பின்னால் எடுக்கச் சொன்னார். மூன்றாவது கியர் எப்போது வரும் என்று நான் ஆவலோடு காத்திருந்தபோது அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வம்சத்தில் இவ்வளவு சீக்கிரம் லைசென்ஸ் எடுத்தவன் நான்தான் என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார். தெரு கவனமாகக் கேட்டுக்கொண்டது.

திருநள்ளாறு போனோம். சனி எனக்கு, நளதீர்த்தத்தில் முங்கியது குடும்பம். கார் சாவியும் எல்லோருடைய செருப்பும் என் பொறுப்பில் இருந்ததால் நான் முங்க முடியவில்லை. திரும்பும்போது அப்பா, “காரைக்கால்ல பெட்ரோல் விலை கம்மி” என்று சொல்லி டேங்கை நிரப்பினார். பேட்டாவும் மிச்சம், பெட்ரோலிலும் மிச்சம். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததே இல்லை. ஆலங்குடிக்குப் போனது குறுவை அறுப்பு சமயத்தில். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு, கல் வைத்து அணைகட்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் எதிரே மினிபஸ். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தராத ரிவர்ஸையெல்லாம் அங்கே எடுத்தேன். நெல்லில் டயர் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி அப்பாயி சொன்னாள். மினிபஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது கிரகமும் முடிந்தால் விடுதலை என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரு வந்தது. பெண் பார்க்கப் போக, பிரசவத்துக்கு அழைத்துப்போக, விடியற்காலை ரயிலுக்குப் போக. “தம்பி சும்மாதானே இருக்கு” என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் மாயவரம் ஜங்ஷனில்தான் போய் முடியும்.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமில்லை, காரோடு பிறந்த வழக்கம். 1888இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ், தான் செய்த மோட்டார் வண்டியைச் சாலையில் ஓட்ட அரசாங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். உலகின் முதல் லைசென்ஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். லைசென்ஸ் வாங்கியவர் வீட்டில் இருக்க, அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அவர் மனைவி பெர்தா அவரிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போய்விட்டார். எதற்கு? அம்மாவைப் பார்க்க. காரில் உலகம் செய்த முதல் நெடும்பயணமே பிறந்த வீட்டுக்குப் போனதுதான். கூடவே 15 வயது யூஜனையும் 13 வயது ரிச்சர்டையும் கூட்டிப்போனார். மேடு வந்த இடங்களில் வண்டியைத் தள்ளியவர்கள் அந்தப் பிள்ளைகள். வீட்டில் வண்டி இருந்தால் விடலைப் பையனின் வேலை என்ன என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இதையெல்லாம் சரியாகப் புரிந்துகொண்டவள் என் தங்கை. வேகம் என்று பார்த்தால் அவள்தான் என்னை முந்தியவள். கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு 16 வயதே போதும், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் சரி. பதினாறு முடிந்ததும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி மொபெட்டுக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அந்த மொபெட்டில் அப்பாயி ஏறமாட்டாள், அத்தையின் மூட்டு மடங்காது, சீர்வரிசைத் தட்டு நிற்காது. அவளை எங்கேயும் யாரும் கூப்பிடவில்லை.

பதினெட்டு ஆனதும் அப்பா ஆசையாகச் சொன்னார்: “நீயும் கார் லைசென்ஸ் எடுத்துடும்மா. அண்ணனுக்கு ஒத்தாசையா இருக்கும்.”

“எனக்கு கிளட்ச் வராதுப்பா” என்றாள். அதுவரை அவள் கிளட்ச்சைத் தொட்டதே இல்லை.

அப்பா உள்ளே போனதும் என்னிடம் வந்தாள். “உன் மாஸ்டர் சொன்னத நீதானண்ணே வந்து சொன்னே” என்றாள். “நாளைக்கு எனக்கு மாயவரத்துல பரீட்சை. மொபெட்ல அவ்வளவு தூரம் போனா முதுகு வலிக்கும். காலையில ஏழு மணிக்கு வண்டியை எடுத்துடு.”