இந்திராவும் சௌந்தர்ராஜனும்

மாத்தூரில் வரலாற்றை இரண்டாகப் பிரிப்போம். கி.மு. என்றால் கேபிளுக்கு முன், கி.பி. என்றால் கேபிளுக்குப் பின்.

கி.மு.வில் தூர்தர்ஷன் ஆட்சி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், மிச்ச நாளில் வயலும் வாழ்வும். நெல்லில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று எங்கள் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வயல்தான் கிடையாது.

1993 சித்திரை ஒன்றாம் தேதி சன் டிவி பிறந்தது. கொஞ்ச வருஷத்தில் பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்க, 'மர்மதேசம்' தொடர் வந்து தெருவைக் காலி செய்தது. டைட்டிலில் 'இந்திரா சௌந்தர்ராஜன்' என்று பெயர் ஓடும். பெரியம்மா பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "புருஷனும் பொண்டாட்டியும் சேந்து எழுதுறாங்க. பேய் வர்ற எடம் பூரா அந்தம்மா."

உண்மையில் அவர் ஒரே ஆள். சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். இந்திரா அவருடைய அம்மா பெயர். பத்திரிகைத் தொடர்கதைகளில் வாசகரை வாராவாரம் அந்தரத்தில் தொங்கவிட்டுப் பழகிய கை. சொன்னால் பெரியம்மா கேட்டால்தானே!

'விட்டு விடு கருப்பா' என்ற அவர் நாவல்தான் 'மர்மதேச'த்தில் 'விடாது கருப்பு' ஆனது. ராத்திரியில் குதிரைக் குளம்படி, காலையில் பிணம். எபிசோடு முடிந்து கதவைத் திறந்தால், மணலி ரிஃபைனரிக் குழாயில் எரியும் தீயில் வானமே செக்கச்செவேல். பெரியப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். தனியாகப் போக மாட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவருக்குத் துணை பெரியம்மா, பெரியம்மாவைத் திருப்பிக் கூட்டிவர நான், எனக்குத் துணை தெருநாய். நாய்க்கு மட்டும்தான் கதை தெரியாது. அதுதான் முன்னால் போகும்.

அப்புறம் மெகா சீரியல் யுகம். 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 1,533 எபிசோடு ஓடி 2009-ல் முடிவதற்குள், எல்.கே.ஜி. சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் அஞ்சாங்கிளாஸ் வந்துவிட்டான்.

2024 நவம்பரில் மதுரையில் எழுத்தாளர் காலமான செய்தி வந்தது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், இனிமே அந்தம்மா தனியா எழுதணும்."

இப்போது வீட்டில் என் மகளின் கொரியா ஆட்சி. 'காப்ளின்' என்று ஒரு தொடர், 2016-ல் வந்தது. மார்பில் வாள் செருகியபடி 900 வருஷத்துக்கு மேல் சாகாமல் அலைகிறான் ஒருவன். பதினாறே எபிசோடு. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாடி இது, நம்ம கருப்புதான். பவுடர் பூசி வுட்டிருக்கானுங்க. யாரு எழுதுனது?"

"கிம் உன்-சூக், ஆயா. அங்கல்லாம் ரைட்டர் பேரைப் பாத்துதான் சீரியலே பாப்பாங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை. ஒரே ஆளு."

பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கிம்மு புருஷன் பேரா இருக்கும்."