சிக்காமையியல்: ஒரு முன்னாய்வு

நன்னீர் மீன்களை எந்தப் பருவத்தில் எந்தப் போலி இரையைக் காட்டிப் பிடிப்பது என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினால் ஒரு நடுத்தரக் குளத்தைத் தூர்த்துவிடலாம். அத்தனை எழுத்தும் பெரும்பாலும் இரண்டு மீன்களையே சுற்றி வருகிறது. ஒன்று பாஸ், அமெரிக்க ஏரிகளில் பாசிக்கும் விழுந்து கிடக்கும் மரங்களுக்கும் நடுவே பதுங்கியிருந்து, அகன்ற வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கப் பார்ப்பது. மற்றது டிரவுட், குளிர்ந்து தெளிந்த நீரை விட்டு இறங்கி வராத மேட்டுக்குடி. இவை பற்றிய நூல்கள் தம்மை மீன்பிடி நூல்கள் என்றே சொல்லிக்கொள்கின்றன. நூலகங்களும் அந்தப் பேச்சை நம்பி அவற்றை அந்த அலமாரியில் வைத்திருக்கின்றன. இந்த வகைப்பாடு தவறு என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவை மீனைப் பிடிப்பதற்கான நூல்கள் அல்ல. வெறுங்கூடையோடு திரும்பியவர் வாசற்படியில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கும் நூல்கள். இத்துறைக்கு இதுவரை பெயர் இல்லாததால் 'சிக்காமையியல்' என்று பெயரிடுகிறேன். பெயர் காதுக்கு இனிமையாக இல்லைதான். துறை அதைவிட மோசம்.

முதற்சான்று மிகப் பழையது. தூண்டில் போடுவது பற்றி ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் நூலை 1496இல் விங்கின் டி வோர்ட் வெளியிட்டார். எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவிப் பெண்மணி என்பது மரபு. அவர்தான் எழுதினாரா, அப்படி ஒருவர் இருந்தாரா என்பதிலேயே அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. நம் புலவர் வரலாறுகளோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. டிரவுட்டுக்குக் காட்ட வேண்டிய செயற்கை ஈக்கள் பன்னிரண்டை இந்நூல் மாதவாரியாக வகுத்துச் சொல்கிறது. இன்றைய பருவவாரி இரைப் பட்டியல்களுக்கெல்லாம் மூலம் அதுவே. எல்லோரும் அதை எடுத்துக்காட்டுவார்கள். எடுத்துக்காட்ட மறந்துபோவது அதே நூலிலுள்ள இன்னொரு பட்டியலை: மீன் சிக்காமைக்குரிய தடைகள். அவையும் பன்னிரண்டு. கருவி சரியில்லை, இரை சரியில்லை, கடிக்கும் வேளையில்லை, மீன் ஆளைப் பார்த்துவிட்டது என்ற நான்கும் மனிதன் தலையில் விழுகின்றன. மீதி எட்டும் நீர் மேலும் வானத்தின் மேலும் போடப்பட்டவை. வெள்ளத்தில் நீர் கலங்கினால் கடிக்காது, குளிரினால் கடிக்காது, வெயிலடித்தால் கடிக்காது, மழை பெய்தால், ஆலங்கட்டியோ பனியோ விழுந்தால், புயல் வந்தால், பெருங்காற்று வீசினால் கடிக்காது. காற்று கிழக்கிலிருந்து வந்தாலோ கேட்கவே வேண்டாம், அதுதான் எல்லாவற்றிலும் கேடு. இவற்றையெல்லாம் கழித்தபின் இங்கிலாந்தில் எஞ்சும் நாட்கள் எத்தனை என்று நூல் கணக்குச் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியரின் நோக்கம் இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. பிடிக்கும் வழி பன்னிரண்டு என்றால் பிடிக்காமைக்கும் பன்னிரண்டு. அதிலும் மனிதப் பிழைக்கு ஒரு பங்கு என்றால் இயற்கைக்கு இரண்டு பங்கு. ஐந்து நூற்றாண்டுகளில் ஈக்கள் ஆயிரக்கணக்காகப் பெருகிவிட்டன. தடைகள் மட்டும் அதே பன்னிரண்டாக நின்று பெயரை மாற்றிக்கொண்டு வருகின்றன. கிழக்குக் காற்றின் இடத்தில் இன்று 'கோல்டு ஃப்ரண்ட்' என்னும் குளிர்காற்று முகப்பு உட்கார்ந்திருக்கிறது.

இவையெல்லாம் வெறும் சாக்குகள் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்துறையின் பெருமையே இதன் காரணங்கள் அனைத்தும் மெய் என்பதில்தான் இருக்கிறது. 'மாடு முட்டிவிட்டது', 'பஸ் வரவில்லை' என்பன போன்ற சாக்குகளை விசாரித்துப் பொய்யாக்கிவிடலாம். பாஸ் மீனின் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாத பிராணி. நீர் குளிர்ந்தால் செரிமானமும் சோம்பிவிடும். ஆகவே குளிர்காலத்தில் ஈயத்தலை வைத்த சிறு இரையை அடித்தரையில் நத்தை வேகத்தில் இழுக்க வேண்டும் என்பது விதி. நீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில் என்பதால் ஏரிக்கு மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் அந்த 4 டிகிரி நீர் தங்கும். மீனும் அங்கே தங்கும். சிக்கவில்லையென்றால், பசியில்லை. வசந்தத்தில் நீர் 15 டிகிரியைத் தாண்டியதும் கரையோர ஆழமில்லாத தரையில் ஆண்மீன் வாலால் குழி பறித்துக் கூடு கட்டுகிறது. பெண் முட்டையிட்டுப் போய்விட, ஆண் காவல் நிற்கிறது. அப்போது அது இரையைக் கவ்வுவது பசியால் அல்ல, வேற்றாள் வீட்டுக்குள் நுழைந்த கோபத்தால். இதற்கு முந்திய வாரம் போனவர் 'இன்னும் கரைக்கு ஏறவில்லை' என்பார். பிந்திய வாரம் போனவர் 'முட்டையிட்ட களைப்பு' என்பார். பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியம் நடக்கும்போது விருந்தை எதிர்பார்க்கலாமா?

கோடை இன்னும் வளமானது. மேல்நீர் சூடாகி இலேசாக மிதக்க, அடிநீர் குளிர்ந்து கனமாகக் கிடக்க, இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய எல்லைப்படலம் விழுகிறது. அதற்குக் கீழே பல ஏரிகளில் ஆக்சிஜன் போதாது. மேலே சூடு தாங்காது. மீன் நடுவிலே திரிசங்கு. விடியலிலும் அந்தியிலும் மட்டும் மேலே வரும் என்பதால், நீர்ப்பரப்பில் 'களக் களக்' என்று சத்தமிட்டு வரும், மரத்தில் செய்த போலித் தவளைகளை அந்த வேளையில் வீச வேண்டும். காலை பத்து மணிக்குப் படகை இறக்கியவருக்கு இதைவிடத் தூய்மையான காரணம் வேண்டியதில்லை. டிரவுட்டின் நிலை இதற்கும் ஒரு படி மேல்: நீர் 20 டிகிரியைக் கடந்தால் அது தவிக்கத் தொடங்குகிறது, பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம் என்பதால் மனசாட்சியுள்ளவர்கள் தூண்டிலையே எடுப்பதில்லை. சிக்காமைக்குக் காரணம் தேடிய துறை, போகாமைக்கும் காரணம் கண்ட உச்சம் இது. இலையுதிர் பருவத்தில் மேல்நீர் குளிர்ந்து அமிழ, ஏரி முழுவதும் ஒருமுறை புரண்டு கலக்கிறது. அதுவரை ஓரிடத்தில் இருந்த மீன்கள் எங்கும் சிதறிவிடுகின்றன. நீரியல் பேராசிரியர் எவரும் இவற்றில் ஒன்றையும் மறுக்க மாட்டார். கடன் கேட்டு வந்தவரிடம் 'பணமில்லை' என்று சொல்ல வங்கிக் கணக்கையே விரித்துக் காட்டுவதைப் போன்ற நேர்மை இது.

இனி இரைப்பெட்டிக்கு வருவோம். 'வெறும் சாக்குத்தான் நோக்கம் என்றால், காசு கொடுத்து இத்தனை இரை ஏன் வாங்க வேண்டும்?' என்பது நியாயமான தடை. விடை கணக்கில் இருக்கிறது. பருவம் நான்கு, நீரின் தெளிவு மூன்று நிலை, வெளிச்சம் மூன்று, ஆழம் மூன்று, காற்று மூன்று. பெருக்கினால் 324 சூழ்நிலைகள். பெட்டியில் எளிமையாக இருபது இரைகள் என்று வைத்தால் 6,480 சோதனைகள். ஒரே தடவை வீசி முடிவு கட்டுவது அறிவியலாகாது. பத்துத் தடவையாவது வேண்டும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் 64,800 மணி. ஆண்டுக்கு ஐம்பது நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் தண்ணீரில் நிற்கும் உழைப்பாளிக்கே இதை முடிக்க 216 ஆண்டுகள் ஆகும். அதற்குள் புதிய இரைகள் வந்துவிடும். ஆகவே 'இன்று எந்த இரை சரி' என்ற கேள்விக்கு ஒருவர் ஆயுளில் விடை கிடைக்க வழியில்லை. விடை கிடைக்காத கேள்வி ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து! பெட்டியில் ஒரே இரை இருந்தால் தோல்வி ஆளுடையது. நாற்பது இருந்தால், நாற்பத்தொன்றாவது இல்லாத குறைதான்.

அந்த நாற்பதையும் யார் கண்ணுக்காகச் செய்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கடைகளில் ரப்பர்ப் புழுக்களின் நிறங்களுக்குக் கிரீன் பம்ப்கின், வாட்டர்மெலன், ஜூன்பக், மோட்டார் ஆயில், பபிள்கம் என்று பெயர்கள். மயில்கழுத்துக்கும் ராமர் பச்சைக்கும் வேறுபாடு காட்டி அரை நாள் புடவை விரிக்கும் ஜவுளிக்கடைக்காரரே கைகூப்புவார். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸ் மீன்களை உணவு கொடுத்துப் பழக்கி, அவற்றுக்கு எந்த நிறம் தெரிகிறது என்று சோதித்திருக்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகப் பிரித்தறிகின்றன; பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொள்கின்றன. கறுப்பும் நீலமும் கலந்த இரை இத்துறையில் மிகப் புகழ்பெற்றது. அந்த நீலம் யாருக்கு என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். பின்லாந்தின் லௌரி ராபாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசி, அடிபட்ட குஞ்சுமீனைப் போல நொண்டி நீந்தும் இரை ஒன்றைச் செய்தார். அது மீனுக்காகவே செய்தது, நன்றாகவும் பிடித்தது. ஆனால் அமெரிக்கா முழுவதும் அதற்கு அலைமோதியது 1962 ஆகஸ்டில் லைஃப் இதழில் கட்டுரை வந்த பிறகு. மர்லின் மன்றோ இறந்ததையொட்டி அவர் படத்தை அட்டையில் தாங்கி வந்த இதழ் அது. அந்த இதழை மீன்கள் வாங்கியதாகச் சான்றில்லை.

காற்றழுத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையில் மிக மதிப்போடு உச்சரிக்கப்படும் காரணம் அதுதான். 'பாரோமீட்டர் ஏறிவிட்டது' என்று ஒருவர் சொன்னால் மனைவிமார்கூட மேலே கேட்பதில்லை. வானிலை பெரிதாகப் புரளும்போது அழுத்தம் 20 மில்லிபார் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீருக்குள் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே ஏறக்குறைய ஒரு மில்லிபார் கூடும். ஆக, வானமே புரண்டு கொடுத்த மாற்றம் மீனுக்கு ஒரு சாண் ஆழம். இரை தேடி அது பத்து நிமிடத்தில் எத்தனை சாண் ஏறி இறங்குகிறது! 'அழுத்தம் காரணமல்ல, அதோடு வரும் வெளிச்சமும் காற்றும் மாறுவதுதான் காரணம்' என்று அறிந்தவர்கள் திருத்துகிறார்கள். ஏற்கிறேன். பார்க்கப்போனால் ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஜான் ஆல்டன் நைட் 1926இல் வகுக்கத் தொடங்கிய சோலூனார் அட்டவணை இதைவிடத் தெளிவானது. நிலா உச்சியிலும் நேர் கீழேயும் இருக்கையில் இரண்டிரண்டு மணி நேரமும், உதிக்கையிலும் மறைகையிலும் ஒவ்வொரு மணி நேரமும் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது அவர் கணக்கு. நம் நாட்காட்டித் தாளில் ராகுகாலமும் எமகண்டமும் சேர்ந்து பகலில் 3 மணி நேரத்தைத்தான் விலக்குகின்றன. நைட்டின் பஞ்சாங்கம் நாளொன்றுக்கு 18 மணி நேரத்தைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. சிக்காமையியலுக்கு இவரைவிடக் கொடையாளி இல்லை.

டிரவுட் அன்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: 'பாஸ் முரட்டு மீன், டிரவுட் அப்படியல்ல. அன்று நீரில் எந்த ஈ பிறக்கிறதோ அதே ஈயைக் காட்டினால்தான் வாய் திறக்கும்.' ஓரளவுக்கு உண்மை. ஆனால் இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்பவரின் வழியினர் மிதக்கும் ஈதான் முறை என்றார்கள். ஸ்கூஸ் என்பவர் வந்து, டிரவுட் உண்பதில் பெரும்பகுதி நீருக்கடியில் என்று சொல்லி முழுகும் ஈயைக் கட்டினார். இரு கட்சியும் பல்லாண்டு வடகலை தென்கலைபோல் வாதிட்டன. வாதிட்ட காலமெல்லாம் இரு கட்சியாருக்கும் மீன் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எப்படிப் பிடிப்பது என்பதை விட்டுப் பேச்சு எப்படிப் பிடிக்கலாகாது என்பதற்குப் போய்விட்டதை ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

வலுவான மறுப்பு போட்டிக்காரர்களிடமிருந்து வருகிறது. பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்னும் பெரும்போட்டி 1971இல் மீட் ஏரியில் தொடங்கியது. எந்த ஏரி என்பதையே விமானம் ஏறிய பிறகுதான் போட்டியாளர்களுக்குச் சொன்னார்கள். பாபி மர்ரி வென்று 10,000 டாலர் பெற்றார். அன்றிலிருந்து சில பெயர்களே திரும்பத் திரும்ப முன்னே வருகின்றனவே, அது அறிவில்லாமலா என்று கேட்கிறார்கள். அறிவுதான், யார் இல்லை என்றது? ஆனால் கரையில் நின்று கேட்டால் ஒன்று புலப்படும். வென்றவரிடம் இரகசியம் கேட்டால் 'அந்த முனையில் போட்டேன், கடித்தது' என்று முடித்துவிடுவார். வெப்பமானி, நீர்மட்டம், நிலா, காற்று என்று முழு நூலும் விரிவது கடைசி இடத்துக்காரரிடம்தான். இன்னொன்று. இல்லினாயின் ரிட்ஜ் ஏரியில் பாஸ் மீன்களை ஆண்டுக்கணக்கில் அடையாளமிட்டுக் கவனித்தபோது, சில மீன்கள் மறுபடி மறுபடி தூண்டிலில் சிக்குகின்றன, சில சிக்குவதேயில்லை, அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்குகிறது என்று கண்டார்கள். கடிக்கும் குலம், கடியாக் குலம் என இரண்டு இருப்பது உறுதியாகிவிட்டது. இனி எவரும் 'எனக்கு வாய்த்தவை கடியாக் குலம்' என்று நிமிர்ந்து சொல்லலாம். பதின்மூன்றாம் தடையாக இதைச் சேர்க்கும்படி முன்மொழிகிறேன்.

எஞ்சுவது உலகச் சாதனை. மிகப் பெரிய பாஸ் இரண்டு, எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோ. இரண்டாவதை ஜப்பானின் பீவா ஏரியில் 2009இல் மனாபு குரிட்டா பிடித்தார். அது ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் கூடுதல். முந்தியதை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் வேண்டும் என்பது விதி என்பதால் சமன் என்று எழுதிவிட்டார்கள். அவர் கையாண்டது உயிருள்ள மீன். போலி இரைப்பெட்டி அந்த வழக்கில் சாட்சியே அல்ல. முதலாவது 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் சிக்கியது. மழையில் வயல் சேறாகி வேலை ஓடாததால் தூண்டிலெடுத்துப் போன ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயிக்கு. 1496இன் நூலின்படி மழை எட்டாம் தடை. அவருக்கும் உடன் சென்ற நண்பருக்கும் சேர்த்து இருந்த போலி இரை ஒன்றே ஒன்று. மீனைத் தபால் நிலையத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார்கள். பருவம், நீரின் வெப்பம், காற்றின் திசை பற்றிப் பெர்ரி குறிப்பெதுவும் எழுதி வைக்கவில்லை. மீனைப் பாடம் பண்ணியும் வைக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனார். அங்கே சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.