அமிலத்தில் வாழும் அதிதி

கேள்வி: ஊறுகாயும் வற்றல் குழம்புமாய் நான் போஷித்து வந்த வயிற்றில் கிருமி குடியிருக்கிறதாம், அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்கிறார்களே, மெய்தானா?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: மெய்தான், ஆயினும் இன்றே உயில் எழுத வேண்டியதில்லை. இரைப்பையின் கடும் அமிலத்தில் எந்த ஜந்துவும் ஜீவிக்காதென்று பண்டிதர்கள் ஏளனம் செய்தமையால், அக்கிருமியை 1984-ல் தாமே குடித்து, வாந்தியும் அழற்சியும் சம்பாதித்து, பின்னர் 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் பெற்றவர் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல். (பரிசுக்கு இம்மார்க்கத்தை நான் சிபாரிசு செய்யேன்.) ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இந்த அதிதி, யூரியாவை அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, பல தசாப்தங்கள் இரைப்பைச் சுவரைப் புண்படுத்துவதால், 1994-லேயே உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதனைப் புற்றுக் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. கிருமியுள்ளோரில் மிகச் சிலருக்கே புற்று வரும் என்பது வாஸ்தவம். ஆனால் அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் சென்னைப் பதிவேட்டில் ஆண்களின் புற்றுகளுள் இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறது. உப்பில் ஊறியவையும் புகையும் அதற்குத் துணைபோகின்றன. ஆகவே ஊறுகாய் ஜாடி முற்றும் நிரபராதியன்று.

மருந்துக்கடைக்காரரிடம் 'கேஸ் மாத்திரை' கேட்டு வாங்கி விழுங்குவது இக்கிருமிக்குச் சிகிச்சையாகாது. டாக்டர் எழுதித்தரும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை, பெரும்பாலும் 14 நாட்கள், நடுவில் நிறுத்தாமல் உட்கொள்ளுங்கள். முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.