இறக்கினது இறக்கியாச்சு: கியர் பாக்ஸ் மாற்றத்தின்போது செய்யத்தகும் பணிகள் குறித்த ஆய்வு

பழைய காரின் கியர் பாக்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டும்போது கையோடு செய்துவிடத்தக்க வேலைகள் மூன்று திணைகளில் அடங்கும். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே மறைந்திருப்பவை அகப்பணி. கியர் பாக்ஸுக்கு வழிவிட்டுத் தாமும் கழன்று தரையில் கிடப்பவை புறப்பணி. காரில் வேறெங்கோ இருந்துகொண்டு இந்தச் சாக்கில் பில்லுக்குள் நுழையப் பார்ப்பவை பெருந்திணை. இவ்வாய்வின் மூலபாடம் மாருதி 800: 1983இல் வெளிவந்து 2014இல் உற்பத்தி நின்றது, 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். பாடபேதம் உண்டு. பெரும்பாலான படிகளில் நான்கு கியர், பிற்காலப் படிகள் சிலவற்றில் ஐந்து.

இத்துறையின் முதற் சூத்திரம், "இறக்கினது இறக்கியாச்சு, அதையும் பாத்துடலாம் சார்" என்பது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. வாய்மொழியாகவே எல்லாப் பட்டறைகளிலும் வழங்குகிறது. இதற்கு உரை இரண்டு. இது பில்லை வளர்க்கும் உபாயம் என்பது உரிமையாளர் உரை. இது வாடிக்கையாளர்மேல் கொண்ட கருணை என்பது மெக்கானிக் உரை. இரண்டும் சூத்திரத்தின் கருத்தைத் தொடவில்லை. பொருளின் விலையை, அதே பொருளுக்காக மீண்டும் ஒருமுறை கியர் பாக்ஸ் இறக்கும் கூலியோடு ஒப்பிடு என்பதே அதன் உட்கிடை. ரிலீஸ் பேரிங் அற்பமான பொருள். ஆனால் அது கத்தத் தொடங்கினால், அதை எட்டுவதற்குக் கியர் பாக்ஸ் மறுபடி இறங்கியாக வேண்டும்.

ஆகவே அகப்பணியில் கஞ்சத்தனம் ஆகாது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதே முறை. பிளேட்டில் இன்னும் பாதி உயிர் இருக்கிறது என்பார் உளர். மீதிப் பாதி எந்த மேம்பாலத்து ஏற்றத்தில் தீரும் என்று அவர்கள் சொல்வதில்லை. அடுத்து ஃப்ளைவீல். அதன் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தாலும் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலும் அது சூட்டில் வெந்ததன் அடையாளம். லேசான தேய்மானம் என்றால் லேத்தில் கொடுத்து முகம் சீவலாம். வெடிப்பு ஆழமானால் மாற்றத்தான் வேண்டும். விளிம்பிலுள்ள ரிங் கியரின் பற்களையும் சுற்றிப் பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் மூன்று நிலைகளிலேயே வந்து நிற்பதால், ஸ்டார்ட்டர் அந்த மூன்று இடங்களையே கடித்துக் கடித்துத் தேய்த்திருக்கும். ஃப்ளைவீலைக் கழற்றினால் அதன் பின்னால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் தெரியும். இத்துறையில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பாத்திரம் இதுவே. இது கசிந்தால் எஞ்சின் ஆயில் புதுக் கிளட்ச் பிளேட்டில் படியும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. பூட்டும்போது பிளேட் நட்டநடுவில் உட்கார வேண்டும். அதற்கென விற்கும் கருவி இல்லாத பட்டறையில், உடைந்த கியர் பாக்ஸ் ஒன்றின் இன்புட் ஷாஃப்ட் அந்த உத்தியோகத்தைப் பார்க்கிறது.

வரப்போகும் கியர் பாக்ஸும் பழையதே. சென்னையானால் அது புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து வந்திருக்கும். அதன் பூர்வாசிரமம் யாருக்கும் தெரியாது. மாட்டுவதற்கு முன் தரையில் வைத்தே அதைச் சோதிக்க வேண்டும். இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பது, மிச்சமிருக்கும் ஆயிலை வடித்து அதில் இரும்புத்தூள் மின்னுகிறதா என்று பார்ப்பது, புதுக் கிளட்ச் பிளேட்டை ஷாஃப்டில் கோத்துப் பற்கள் சேர்கின்றனவா என்று பார்ப்பது ஆகியவை மூலபாட ஆய்வில் அடங்கும். இன்புட் ஷாஃப்ட் சீலையும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட் சீல்களையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். கூலி கிட்டத்தட்ட இல்லாத ஒரே கட்டம் அதுதான்.

புறப்பணி நீளமானது, ஆனால் எளியது. டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். பிறகு ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் ஜாயின்ட் டக் டக் என்று தாளம் போடும். ஷாஃப்ட் வெளியே வந்திருக்கும்போதே பூட்டை மாற்றுவது மலிவு. கியர் பாக்ஸைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர்கள், கிளட்ச் கேபிள், கியர் லிவர் இணைப்பின் புஷ்கள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். நல்ல கியர் பாக்ஸை வாங்கி மாட்டியும் லிவர் கஞ்சிக் கரண்டிபோல் ஆடுகிறது என்று புலம்புவோர், அந்த புஷ்களைக் கவனிக்காமல் விட்டவர்களே.

கியர் ஆயில் தனி வகை. கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன அளவு, வண்டி தரையில் இறங்குமுன் ஊற்ற வேண்டும். இதை எழுதுவதே அவமதிப்பு என்று மெக்கானிக் கருதக்கூடும். மறந்த பட்டறைகளும் உண்டு.

எஞ்சியது பெருந்திணை. டைமிங் பெல்ட் எஞ்சினின் மறுமுனையில் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு அதற்கேயுரிய கிலோமீட்டர் கணக்கு உண்டு, கியர் பாக்ஸ் இறங்கியதால் அதன் கூலி ஒரு ரூபாயும் குறையாது. ரேடியேட்டர், பிரேக் ஷூ ஆகியவற்றுக்கும் இதுவே விதி. சீட் கவர், ஸ்பீக்கர் மாற்ற விரும்புவோர் தாராளமாக மாற்றலாம். அதற்குக் கியர் பாக்ஸ் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.