வண்டி பிழைத்துக்கொண்டது, மன்னிக்கவும்

பெறுநர்: உயர்திரு சர்வீஸ் மேலாளர் அவர்கள், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்.

பொருள்: தாங்கள் 68,400 ரூபாய்க்கு நாள் குறித்த என் கார், 2,350 ரூபாயில் பிழைத்துக்கொண்டமைக்கு வருத்தம் தெரிவித்தல்.

ஐயா,

போன மாதக் கடைசியில் என் ஒன்பது வயதுக் காரைத் தங்களிடம் விட்டேன். வண்டி மிஸ்ஸிங் அடித்தது. மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல் நின்று நின்று ஏறியது. மஞ்சள் எஞ்சின் விளக்கு வேறு கண் சிமிட்டியது.

தங்கள் சர்வீஸ் அட்வைசர் தம்பி வெள்ளைச் சட்டையில் அழுக்குப் படாமல் வேலை முடித்தார். பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். பி0302 என்று வந்தது. "சார், இன்ஜெக்டர் செட்டு, ஃப்யூல் பம்ப், எஞ்சின் கம்ப்யூட்டர் ஈசிஎம் மூணும் மாத்தணும். லைட்டு சிமிட்டுறப்ப ஓட்டக் கூடாது. ஃபேமிலியோட போறீங்க இல்ல?" எப்படித் தெரியும் என்றேன். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு சார்."

சோதனைக் கட்டணம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து, 1,180 ரூபாய். பி0302 என்பதில் இருப்பது ஐந்து எழுத்து. எழுத்துக்கு 236 ரூபாய் வீதம் வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து எந்தக் கவிஞருக்கும் இந்த ரேட் கிடைத்ததில்லை.

கம்ப்யூட்டர் சொன்னதென்னவோ நிஜம். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று மட்டும் சொன்னது. காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷன் குறைந்ததா என்று அது சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் சர்வீஸ் சென்டர் என்று ஒன்று இருப்பதாக நினைத்திருந்தேன். சமையலறை பல்பு எரியவில்லை என்று போன் செய்தால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு எஸ்டிமேட் தருகிறீர்கள். இன்னொரு சிறு சந்தேகம். பெட்ரோல் பம்ப் நான்கு சிலிண்டருக்கும் பொது. அது செத்துவிட்டதென்றால், மற்ற மூன்றும் எதைக் குடித்துக்கொண்டு ஓடின?

தம்பி சொன்னதில் ஒன்று முழு உண்மை. விளக்கு கண் சிமிட்டும்போது ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அந்த ஒரு உண்மையின் டிக்கெட்டில் மூன்று ஐட்டங்கள் வித்அவுட்டில் ஏறிவிட்டன, அவ்வளவுதான். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். தாங்கள் அவர் கையில் கொடுத்தது ஸ்பேனர் அல்ல, மாத டார்கெட்.

வண்டியைக் கட்டி இழுத்து எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவரிடம் ஏசி ஹால் இல்லை, காபி மெஷின் இல்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தது. இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார். மூன்றாவதை இரண்டில் போட்டார். பழைய குறியீட்டை அழித்துவிட்டு, டீ குடித்து முடிக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். பிறகு ஸ்கேனர் ஆப் திறந்த தன் போனை நீட்டினார். பி0303.

"பாத்தீங்களா சார், காயில் போன எடத்துக்கே குத்தமும் கூடப் போயிடுச்சு."

காயிலின் ரப்பர் பூட்டைத் திருப்பிக் காட்டினார். தலைமுடி கனத்தில் ஒரு கருங்கோடு. கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகவே பக்கத்து எஞ்சின் சுவருக்குத் தாவியிருக்கிறது. புதுக் காயில் 2,050, கூலி 300. பழையதைக் கேட்காமலே காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். தங்களிடம் கேட்டிருந்தால், "கம்பெனி பாலிசி சார்" என்றிருப்பார்கள்.

இப்போது அதே பாலத்தில் வண்டி தேர்டு கியரிலேயே ஏறுகிறது. தங்கள் மதிப்பீட்டுக்கு நேர்ந்த இந்த அவமரியாதைக்கு வண்டியின் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வக்கீல் நண்பர் ஒருவர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1915 உதவி எண் என்று ஏதேதோ சொன்னார். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாதாம். எழுத்துக்கு 236 ரூபாய் வாங்கும் ஊரில் இப்படியும் ஓர் இடம்!

இன்று காலை தங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஈசிஎம்முக்கு 10 சதவீதம் தள்ளுபடி, மாதக் கடைசி வரை மட்டும். தள்ளுபடி வேண்டாம் ஐயா. தாங்கள் கொடுத்த ஜாப் கார்டில் 'செய்த சோதனைகள்' என்றொரு கட்டம் காலியாகக் கிடக்கிறது. அதை மட்டும் நிரப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கைநழுவிப்போன வாடிக்கையாளர்