மாப்பிள்ளைக்கு ஒரு வலை

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காருங்க. ஈரத்துண்டை அந்தக் கொடியில போடுங்க. வாளியைக் கீழ வைங்க, ஆச்சி நிழல்ல எடுத்து வச்சுக்கிடுவா. காலையில அஞ்சு மணிக்கு ஆத்துவாய்க்குப் போனீய, இப்ப ஒம்பது. இந்த நாலு மணி நேரத்துல நீங்க மீனைப் பிடிச்சதைவிட வலை உங்களைப் பிடிச்சதுதான் அதிகம்னு கேள்வி. நான் சொல்லலை. நண்டுக்குப் போன பயலுவ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போறானுவ. புன்னக்காயல் சின்ன ஊரு. கோயில் மணி ஓயுறதுக்குள்ள கடைசித் தெருவுக்கும் சேதி போயிரும்.

எத்தனை கிடைச்சுது? பதினொண்ணா! பரவாயில்லையே. எத்தனை வீச்சுக்கு? ...சரி, அதை விடுங்க.

எனக்கு உங்ககிட்டப் பிடிச்சதே அதுதான். தூண்டில் ராடு, ரீலு, பளபளன்னு பெட்டி நிறைய பிளாஸ்டிக் மீனு, எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூவாய்னு பேத்தி சொன்னா. அவ்வளவையும் வச்சுக்கிட்டு, கொடுவா பிடிக்கக் கொக்கியில மாட்ட ஒரு மடவைக்குஞ்சு இல்லாம நாலு நாளா முழிச்சீய பாருங்க. ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டு, தாலிக்கு மஞ்சக்கயிறு வாங்க மறந்த கதை. கடைசியில உசுரு மீனை நானே பிடிக்கேன்னு கிளம்புனீயள்லா, அங்கதான் நீங்க மாப்பிள்ளை.

செத்த இறாலை மாட்டுனா என்ன வரும்? கெளுத்தி வரும், நண்டு வரும், ஊருல உள்ள வெட்டிப்பயலெல்லாம் வருவான். கொடுவா கௌரவக்காரன். கண்ணு முன்னால ஒண்ணு துடிச்சு ஓடணும், அப்பத்தான் அவனுக்கு வாய் ஊறும். கடிச்சு மெல்லுற சோலியெல்லாம் கிடையாது. வாயை ஒரே திறப்பாத் திறந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சிருவான். ராத்திரி ஆத்தோரமாப் படுத்திருந்தா 'பொளக்'குனு ஒரு சத்தம் கேக்கும். ஒரு மடவை சொர்க்கத்துக்குப் போயிட்டுன்னு அர்த்தம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. கொடுவா முதல்ல ஆணாத்தான் இருக்கும். வருஷம் போகப் போகப் பொண்ணா மாறிரும். அதனால பெருசா ஒண்ணு இழுத்தா, அது பெரும்பாலும் ஆச்சிதான். எங்க வீட்டுலயும் அதே கணக்குத்தான், வயசாக ஆக யாரு பெரிய கொடுவான்னு நீங்களே பார்த்திருப்பீய.

மடவையைச் சின்னத் தூண்டில்ல பிடிச்சா என்னன்னு நேத்து கேட்டீயளாம். நல்ல கேள்வி. அவன் சாமியார், மாப்பிள்ளை. அடியில உள்ள பாசியையும் மக்கிப்போனதையும் மண்ணோட அள்ளித் திம்பான். கோழி வயித்துக்குள்ள கெட்டியா ஒரு சதை இருக்கும்லா, கல்லு மண்ணை வச்சு இரையை அரைக்கிறதுக்கு? அது மாதிரி இவனுக்கும் இருக்கு. சேத்தைத் தின்னு செரிக்கிறவன் உங்க புழுவுக்கு எதுக்கு வாயைத் திறக்கப் போறான்? அவனைக் கேட்டுப் பிடிக்க முடியாது, மேல துணியைப் போட்டு மூடித்தான் பிடிக்கணும். அதுக்குத்தான் வீச்சுவலை.

எந்திரிக்காதீய, எங்க போறீய? வாளி பத்திரமாத்தான் இருக்கு. உக்காருங்க.

உங்க வலையைப் பார்த்தேன். அது அமெரிக்கா மாடல். நடுவுல ஒரு வளையம், அது வழியா வலையோரத்துக்கு நரம்பு நரம்பாக் கயிறு. இழுத்தா ஈயமெல்லாம் உள்ளுக்கு வந்து சுருக்குப்பை மாதிரி மூடிக்கிடும். நம்ம வலையில அந்த நரம்பெல்லாம் கிடையாது. ஓரத்தை உள்பக்கமா மடிச்சு, விட்டு விட்டுக் கட்டியிருப்போம், சுத்திலும் பை பையா நிக்கும். வலையை மெல்ல இழுக்கையில மீன் அடியில பூந்து தப்பிக்கப் பார்த்து, தானாப் போயி அந்தப் பையில உக்காந்துக்கிடும். ரெண்டும் நல்ல வலைதான். ஆனா பத்தடி வலை உங்களுக்கு யாரு வாங்கச் சொன்னது? நடுவுல இருந்து ஓரத்துக்குப் பத்தடின்னா, அடிக்கு அரைக்கிலோன்னு வச்சாலும் அஞ்சு கிலோ ஈயம். நனைஞ்ச வலையோட சேர்த்து அதைத் தூக்குறதுக்கு முதல்ல நம்ம வீட்டுச் சோத்தை ஆறு மாசம் திங்கணும்.

நீங்க எஞ்சினீயரு, கணக்குப் போடுங்க. பத்தடி வலை வட்டமா விழுந்தா முன்னூத்திப் பதினாலு சதுர அடி. ஆறடி வலை வட்டமா விழுந்தா நூத்திப் பதிமூணு. ஆனா பத்தடி வலை நீங்க வீசுன மாதிரி வாழைப்பழமா விழுந்தா? அதுக்கு உங்க படிப்புல கணக்கு உண்டுமா? மீனுக்கு அது தெரியும். வாழைப்பழத்துக்கு ரெண்டு பக்கமும் ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்க்கும். ஆறடியை வட்டமா வீசக் கத்துக்கிட்டுப் பத்தடிக்குப் போங்க. தெருவுல, மணல்ல வீசிப் பழகுங்க. பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். பிள்ளைகள் சிரிச்சா வலை கிழியாது.

வலைக்கண்ணும் முக்கியம். பெரிய கண்ணு வலை சடார்னு அடிக்குப் போகும், ஆனா பொடிமீன் தலையை விட்டுச் செவுளுல மாட்டிக்கிடும். வலையைத் தூக்குனா ஒவ்வொரு கண்ணுலயும் ஒண்ணு தொங்கும், கிறிஸ்துமஸ் மரம் கணக்கா. பார்க்க அழகு, ஆனா பாதி செத்திருக்கும். உசுரோட வேணும்னா மீன் தலை நுழையாத பொடிக்கண்ணு வலை. அது மெதுவாத்தான் அடிக்குப் போகும், அதனால ஆழம் பார்த்து வீசக் கூடாது, இடுப்பளவுத் தண்ணி போதும்.

வீசுறதுக்கு முன்னால கையில உள்ள கடிகாரத்தைக் கழத்துங்க. பொத்தான் வச்ச சட்டை வேண்டாம். கல்யாண மோதிரத்தையும் கழத்தி வச்சுட்டுப் போங்க, பேத்திகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். வலைக்கு மோதிரம், பொத்தான், மீனு எல்லாம் ஒண்ணுதான், எது மாட்டுனாலும் கொண்டுபோயிரும். கயித்துச் சுருக்கை இடது மணிக்கட்டுல போடுங்க, இறுக்கிப் போடாதீய. இடுப்புல ஒரு சின்னக் கத்தி இருக்கட்டும். ஆத்துவாய்ல இழுப்பு எப்ப வரும்னு ஆத்துக்கே தெரியாது.

அப்புறம், ஈயமணியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு வீசுனா வட்டம் நல்லா விரியும்னு எவனோ போன்ல காட்டுனானாம்லா? காட்டுவான். நானும் அப்படித்தான் வீசுனேன், அம்பது வருஷம். இப்பப் பாருங்க, முன்னால நாலு இல்லை. என் மச்சான் ஒருத்தன் இருந்தான், செட்டுப்பல்லு கட்டுன மறுவாரமே பழக்கதோஷத்துல கடிச்சு வீசிட்டான். வலை அழகான வட்டமா விழுந்துச்சு, நடுவுல பல்செட்டு. இழுத்துப் பார்த்தா ரெண்டு மடவை இருந்துச்சு, பல்லைக் காணோம். இன்னைக்கும் அந்தப் பக்கம் ஒரு மீன் இளிச்சுக்கிட்டு வந்தா நான் பிடிக்க மாட்டேன். விளையாட்டை விடுங்க, ஈயம் வயித்துக்குள்ள போனா விஷம். கையிலயே பிடிச்சு வீசலாம், இடுப்பைத் திருப்பத் தெரிஞ்சா போதும். வட்டம் கையில இல்லை மாப்பிள்ளை, இடுப்புல இருக்கு.

அம்மிச் சத்தமா? ஆமா, ஆச்சி ஏதோ அரைக்கா. அவளுக்குச் சோலி இல்லாம இருந்தா கை நடுங்கும்.

எங்க வீசுனீய? கண்டல் ஓரமாவா! நினைச்சேன். அங்க சேத்துக்குள்ள இருந்து பென்சில் பென்சிலா வேரு நீட்டிக்கிட்டு நிக்கும், மூச்சு வாங்குற வேரு. அதுல வலை விழுந்தா எடுக்க ஒரு நாள், தைக்க மூணு நாள். நீங்க வலையை அங்கேயே விட்டுட்டு வாளியோட மட்டும் வந்ததைத் தூரத்துல பார்த்ததும், எனக்கு ஒரு நிமிஷம் மேல் சிலிர்த்துப் போச்சு. கலிலேயாக் கடலோரத்துல ராயப்பரும் அவரு கூடப்பிறந்த பெலவேந்திரரும் வலை வீசிக்கிட்டு இருக்கையிலதான ஆண்டவர் கூப்பிட்டாரு? வலையை அப்படியே போட்டுட்டுப் பின்னால போனாவள்லா? நம்ம மாப்பிள்ளைக்கும் அழைப்பு வந்துட்டு போலன்னு நினைச்சேன். அப்புறம்தான் பயலுவ சொன்னானுவ, வேருல மாட்டிக்கிச்சுன்னு. சாயங்காலம் ஆளனுப்பி எடுத்துத் தாரேன்.

மீன் துள்ளுற இடத்துல வீசாதீய. துள்ளுன மடவை அங்க இருக்காது. அது போயிட்டுன்னு சொல்லத்தான் துள்ளுது. தண்ணி மேல காத்து இல்லாமலே சின்னச் சின்னதா நெளிவு ஓடும், உலை கொதிக்கப் போறதுக்கு முன்னால இருக்குமே, அது மாதிரி. அது எந்தப் பக்கமாப் போகுதோ அதுக்கு ரெண்டடி முன்னால வலை விழணும். வெயில் உங்க முதுகுல இருந்தா நிழல் முன்னால போயி, 'மெட்ராசு மாப்பிள்ளை வாராரு'ன்னு சொல்லிரும். சூரியனைப் பார்த்து நில்லுங்க, கண்ணு கூசுனாப் பரவாயில்லை. கொண்டல் அடிக்கும்போது அதுக்கு எதிர்த்து வீசுனா வலை உங்க மூஞ்சியிலதான் விழும். இன்னைக்கு மூணு தடவை விழுந்துச்சாமே?

வெக்கப்படாதீய. பிரேசில்ல லகுனான்னு ஒரு ஊரு இருக்காம், பேரன் படம் காட்டுனான். அங்கேயும் ஆத்துவாய்தான், அங்கேயும் மடவைதான், நம்ம மாதிரியே வீச்சுவலை. ஆனா மீன் எங்க இருக்குன்னு அவங்களுக்குக் கலங்குன தண்ணியில தெரியாது. ஓங்கில் கூட்டம் வந்து மடவையைக் கரைக்கு விரட்டிக்கிட்டு வந்து, முதுகை வளைச்சோ தலையைக் காட்டியோ ஒரு அடி அடிக்கும். அந்த நேரம் பார்த்து வரிசையா வலை வீசுவாவளாம். சிதறி ஓடுறது ஓங்கிலுக்கு, வலையில விழுந்தது இவங்களுக்கு. நூறு வருஷத்துக்கு மேல இந்தப் பங்காளித்தனம் நடக்காம். நம்ம கடல்லயும் ஓங்கில் இருக்கு, வலையைக் கிழிச்சிட்டுப் போறதோட சரி. இன்னைக்கு உங்க வீச்சை ஒரு ஓங்கில் பார்த்திருந்தா வேற ஊருக்குக் குடிபோயிருக்கும்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். படகு கிடைச்சுதுன்னு வடக்க தீவுப் பக்கம் போயிராதீய. தூத்துக்குடியில இருந்து பாம்பன் பக்கம் வரைக்கும் இருபத்தோரு தீவு, 1986ல இருந்து தேசியப் பூங்கா. மடவைக்குஞ்சுக்கு ஆசைப்பட்டு வனத்துறை ஆபீஸ்ல போயி உக்காரக் கூடாது.

வலையைக் கரையேத்துனதும் உடனே கையை உள்ள விடாதீய. முதல்ல கெளுத்தி இருக்கான்னு பாருங்க. அவன் முள்ளு ஏறுனா மூணு நாளைக்குக் கை வீங்கும், வலையில சிக்குனா வலையை வெட்டித்தான் எடுக்கணும். திருக்கை இருந்தா வாலுக்குத் தூர நில்லுங்க. உப்பி உப்பி ஒரு குண்டன் இருப்பான், பேத்தை, பார்க்கச் சிரிப்பா இருக்கும். பல்லு வலையை நறுக்கும், உடம்புல விஷம். அவனைத் தண்ணியில விட்டுருங்க. சாளையும் காரலும் வந்தா வாளியில போட்டு நேரத்தை வீணாக்காதீய. சாளை கை பட்டாலே செதிலை உதிர்த்துட்டுச் செத்துப்போவான், பணக்காரன் வீட்டுப் பிள்ளை. கீச்சான் கெட்டி உசுரு, ஆனா கத்தும். மடவைதான் நடுவாந்திரம், அடிச்சாலும் தாங்குவான், அதட்டுனாலும் தாங்குவான். அவனைத் தொடுறதுக்கு முன்னால கையை நனைச்சுக்கோங்க. காஞ்ச கை அவன் மேல உள்ள வழுவழுப்பை உரிச்சிரும், அது போனா அவன் தோலு போன மாதிரி.

இப்ப வாளி விஷயம். நீங்க கொண்டாந்தது சதுர வாளி. அதுல மூலையில போயி மீனெல்லாம் முட்டிக்கிட்டு நிக்கும். வட்ட வாளின்னா சுத்திச் சுத்தி நீந்திக்கிட்டே இருக்கும். வெயில்ல வச்சா தண்ணி சூடாகும், சூடான தண்ணியில காத்து நிக்காது. நீங்க வச்சிருக்க பேட்டரி பம்பு நல்லதுதான், ஆனா பதினொண்ணுக்கு அது போதாது. பெருசு ரெண்டு கிடந்தா சின்னதுகளுக்கு உள்ள காத்தையும் அதுவே இழுத்திரும். அதனால பெருசுகளைத் தனியா எடுத்திரணும்னு ஆச்சிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். குழாய்த் தண்ணி ஊத்திராதீய, அதுல உள்ள குளோரின் மருந்து கொன்னுரும். ஆத்துத் தண்ணியே வேணும், அடிக்கடி பாதி மாத்தணும், அவங்க கழிக்கிறது அவங்களையே கொல்லும். இவ்வளவையும் பார்த்து, சாயங்காலம் வெள்ளம் ஏறுற வரைக்கும் உசுரோட வச்சிருக்கிறது லேசுப்பட்ட சோலியா, சொல்லுங்க? பாவம் அந்த மீனு. நினைச்சாலே எனக்கு மனசு கேக்க மாட்டேங்கு.

கொக்கி மாட்டுறதா? இழுப்புத் தண்ணியில உதட்டுல மாட்டுங்க. தண்ணி நின்னா முதுகுல, முதுகுமுள்ளுக்கு முன்னால, தோலை ஒட்டி. நடு எலும்பைத் தொட்டா வாதம் வந்தவன் மாதிரிக் கிடப்பான், கொடுவா திரும்பிக்கூடப் பார்க்காது. இதெல்லாம் நாளைக்கு. ஆமா, நாளைக்குத்தான். இன்னைக்குச் சாயங்காலம் வேண்டாம், வலை வேருல கிடக்கு, நீங்களும் களைச்சுப் போயிட்டீய.

என்ன மோந்து பார்க்கீய? புளியும் தேங்காயும் கொதிக்கு, வேற ஒண்ணுமில்லை. மாங்காய் ரெண்டு கீத்துப் போட்டிருப்பா. வாளியா? வாளி கிணத்தடியில கவுத்திக் காயுது. அட, கோவப்படாதீய மாப்பிள்ளை, எண்ணிக்கையில ஒரு குறையும் வரலை. காலையில பதினொண்ணு, இப்பவும் பதினொண்ணு. கொஞ்சம் மஞ்சத்தூள் மட்டும் கூட.